டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி அம்மையார் சரித்திரம்

பாரத தேசத்திற் பிறந்து, கடல் கடந்து சென்று, மேனாட்டு வைத்தியக் கல்வியை முறையாகக் கற்றுப் பட்டம் பெற்ற முதல் மாதரசிகளுள் ஒருவராகிய டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி அம்மையாரின் பெயரை நம் சங்கத்து அன்பர்களிற் பலர் கேள்வியுற்றிருப்பர். ஒன்பது கெஜச் சேலை உடுத்து அமைதியே உருவாய் அமர்ந்திருக்கும் அவருடைய பழைய புகைப்படத்தைக் கண்டிருப்பவரும் உளர். ஆயினும் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கி உரைப்போர் ஒரு செய்தியை ஒரே வரியிற் கூறிக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அச்செய்தி யாதெனின், அவ்வம்மையார் கல்லூரி வாயிலை மிதிப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே ஒரு மகவைப் பெற்றெடுத்துப் பறிகொடுத்த தாயாக இருந்தார் என்பதே. அதனை ஓரத்தில் வையாது நடுவில் வைத்து அவர் சரிதையை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

1865-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் தேதி, பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாண் நகரத்து மராட்டிய பிராமணக் குடும்பமொன்றில் ஒரு பெண்மகவு பிறந்தது. பெற்றோர் இட்ட பெயர் யமுனா. முன்னொரு காலத்தில் நிலபுலங்களோடு செழித்திருந்து பின்னர் நிலை தாழ்ந்த குடும்பம் அது. நம் நீலகிரி மலையை நினைத்துக்கொண்டு கணக்கிட்டால், 1857-ல் லக்னோவில் மாண்ட சர் ஹென்றி லாரன்ஸின் நினைவாக, வெள்ளைப் படைவீரர்களின் தாய்தந்தையற்ற பிள்ளைகளுக்கென 1858-ல் உதகையில் தொடங்கப்பெற்ற கல்விச்சாலைக்கு அப்போது ஏழு வயது. அச்சாலையே பின்னர் லவ்டேலில் நிலைபெற்று, இன்று லாரன்ஸ் பள்ளி என விளங்குகின்றது. தந்தையை இழந்த பிள்ளைக்குக் கல்வியும் இல்லாமற் போகலாகாது என்ற எண்ணத்தில் எழுந்த கட்டடம் அது. அந்நாளில் அவ்வெண்ணம் ஓர் இனத்தாரோடு நின்றுவிட்டது என்பதும் உண்மையே. எனினும் ஒரு பிள்ளைக்கு நேர்ந்த இடரைக் காரணமாகக் காட்டி அதன் படிப்பை மறுத்தல் தகாது என்பதை உணர்ந்தோர் அக்காலத்திலும் இருந்தனர் என்பதற்கு, லவ்டேலில் வாழும் நமக்கு நாள்தோறும் கண்ணெதிரே நிற்கும் சான்றாக அது இருக்கின்றது.

யமுனாவுக்குக் கல்யாணில் சிறிது கற்கும் வாய்ப்புக் கிட்டிற்று. ஒன்பதாம் வயதில் விவாகம் முடிந்தது. மணமகன் கோபாலராவ் ஜோஷி என்பவர் தபால் இலாகாவில் குமாஸ்தா, மனைவியை இழந்தவர், பெண்ணைவிட ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்தவர். மணமான பின்னர்க் கணவர் இட்ட பெயரே ஆனந்தி என்பது. அக்காலத்து வழக்கப்படி பெண்ணுக்கு வயதும் இல்லை, விருப்பமும் கேட்கப்படவில்லை, பெயரும் மாற்றப்பட்டது.

கோபாலராவ் விசித்திரமான இயல்புடையவர். பெண்கள் கல்வி கற்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் அந்நாளைய சீர்திருத்தக்காரர்களுக்கும் இருந்ததில்லை. பிற வீடுகளில் பெண்ணின் கையிற் புத்தகத்தைக் கண்டு கணவன் சீறுவான். இவரோ அடுப்படியில் மனைவியைக் கண்டாற் சீறுவார். படிப்பிற் கவனம் குறைந்தபோது அவர் அச்சிறுமியை அடித்ததும் உண்டென்று அம்மையாரின் சரிதம் எழுதியோர் குறித்துள்ளனர். இதனை மறைத்து அவரைத் தெய்வமாக்கிக் காட்டுதல் நேர்மையாகாது. கல்வியைக் கொடுத்த கையும் அடித்த கையும் ஒன்றே. ஆனந்தி பின்னாளிற் கணவருக்கு எழுதிய கடிதங்களில் நன்றியும் மனவருத்தமும் ஒருங்கே காணப்படுவதாக அவற்றைப் படித்தோர் கூறுவர். இவ்விடத்தை வாசகர்கள் மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டுகின்றேன். இதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல இருக்கின்றது.

பதினான்காம் வயதில் ஆனந்தி ஓர் ஆண்மகவைப் பெற்றார். அக்குழந்தை பத்து நாட்களே உயிர் வாழ்ந்தது. தக்க வைத்திய உதவி கிட்டாமையே அதன் மரணத்திற்குக் காரணம் என்பது அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. அக்காலத்தில் பிரசவ அறை என்பது வீட்டின் இருண்ட மூலை. ஆடவ வைத்தியர் அதனுள் நுழைதலை மாதரும் விரும்பார், வீட்டாரும் இசையார். பெண் வைத்தியரோ இலர். தாய்க்கு ஜன்னி கண்டாலும் சேய்க்கு மூச்சுத் திணறினாலும் விதியை நொந்துகொள்வதன்றி வேறு வழி இல்லை. அவ்விருட்டறையில் இருந்து எழுந்த பதினான்கு வயதுத் தாய், தன் குழந்தையைக் காக்கும் அறிவு தன்னாட்டுப் பெண்களிடம் ஏன் இருத்தலாகாது என்று எண்ணத் தொடங்கினார்.

தாயாகிவிட்டவளுக்கு இனிப் படிப்பு எதற்கு என்று நம் வீடுகளில் இன்றும் கேட்பார் உளர். ஆனந்தியின் வாழ்க்கையில் அக்கேள்வி தலைகீழாக நின்றது. தாயானதனாலேயே அவருக்குப் படிப்பின் தேவை விளங்கிற்று. அதற்கு முன்னர்க் கணவரின் வற்புறுத்தலுக்காகப் படித்தவர், அதன் பின்னர்த் தமக்காகவும் பிறருக்காகவும் படித்தார்.

கோபாலராவ் அலிபாக், கோலாப்பூர், பம்பாய் என்று ஊர் ஊராக மாற்றம் பெற்றுச் சென்றார். மனைவியையும் உடன் அழைத்துச் சென்று, கிட்டிய இடங்களிற் பள்ளிக்கு அனுப்பினார். மணமான பெண் கையிற் புத்தகத்தோடு தெருவில் நடந்து சென்றது ஊராருக்குப் பெருங் காட்சியாயிற்று. ஏளனம் செய்தோர் பலர், கல்லெறிந்தோரும் இருந்தனர். 1878-ல் கோபாலராவ் அமெரிக்கப் பாதிரியாராகிய வைல்டர் என்பவருக்கு, மனைவியை அமெரிக்காவிற் படிக்க வைக்க உதவ வேண்டும் எனக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவ மதத்தைத் தழுவும் எண்ணம் அவர்களுக்கு இல்லாமையால் அம்முயற்சி பலிக்கவில்லை. ஆயின் அக்கடிதம் பாதிரியாரின் பத்திரிகையில் அச்சேறியது. நியூ ஜெர்ஸி மாகாணத்து ரோஸெல் என்னும் ஊரில் வாழ்ந்த தியோடிசியா கார்ப்பென்டர் என்ற மாது, 1880-ல் பல் வைத்தியரைக் காணச் சென்று காத்திருந்த வேளையில் தற்செயலாக அதனைப் படித்தார். படித்தவர் உடனே ஆனந்திக்கு எழுதினார். முகமறியாத இருவரிடையே கடிதங்கள் வளர்ந்தன; நாளடைவில் அம்மாது ஆனந்திக்குச் சிற்றன்னை முறையானார். ஒரு குமாஸ்தாவின் கடிதம், ஒரு பாதிரியாரின் பத்திரிகை, ஒரு பல்வலி: ஒரு பெண்ணின் கல்வி இத்தகைய தற்செயல்களை நம்பி இருந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு அச்சமே மேலிடுகின்றது.

பின்னர்க் கோபாலராவ் வங்காளத்திற்கு மாற்றலானார். அங்கிருந்த நாட்களில், ஆனந்தி தனியாகவே அமெரிக்கா செல்வதெனத் தீர்மானமாயிற்று. பதினெட்டு வயது நிரம்பாத பிராமணப் பெண் கணவனின்றிக் கடல் கடப்பதா என்று நாற்புறமும் எதிர்ப்பு எழுந்தது. சாதியிலிருந்து விலக்கி வைப்போம் என்றனர் சிலர். மதம் மாறிச் செல்லட்டும் என்றனர் வேறு சிலர். அதற்கு விடையாக 1883-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி சீராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் ஆனந்தி ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். இந்து மாதருக்குப் பெண் வைத்தியர் தேவை என்பதையும், இந்தியாவிலேயே ஏன் படிக்கலாகாது என்ற கேள்விக்கு விடையையும், சாதிவிலக்குக்குத் தாம் அஞ்சாமையையும், மதம் மாறாமலே சென்று மீளப்போவதையும் அவர் அச்சபையில் எடுத்துரைத்தார். சாதிக் கட்டுப்பாட்டைக் காட்டி மிரட்டியோர் முன்னிலையில், இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்புவேன் என்று உறுதி கூறி நின்ற அத்துணிவு சாமானியமானதன்று. ஒரு குலத்தின் பெயரால் இயங்கும் நம்மைப் போன்ற சங்கத்தார் இதனை ஊன்றி நினைத்தல் வேண்டும். சாதிக் கட்டுப்பாடு என்பது ஒரு பெண்ணின் வழியில் இடப்பட்ட முள்வேலியாகவும் இருந்திருக்கின்றது. அதே கட்டுப்பாடு ஒன்றுசேர்ந்து கைகொடுத்தால் ஊன்றுகோலாகவும் ஆகும்.

அப்பிரசங்கத்தில் சென்னையைப் பற்றிய குறிப்பும் உண்டு. அதற்குக் காரணம் இருந்தது. 1875-லேயே சென்னை வைத்தியக் கல்லூரி மேரி ஷார்லீப் முதலிய நான்கு மாதரைச் சேர்த்துக்கொண்டது. 1878-ல், அதாவது ஆனந்தி தாயான காலத்தை ஒட்டி, அகமதுநகரிற் பிறந்த கிருபாபாய் என்ற மராட்டியக் கிறிஸ்தவப் பெண் அக்கல்லூரியிற் சேர்ந்து முதலாண்டில் நற்பெயர் பெற்று, உடல்நலம் குன்றிப் படிப்பை விட்டார். அவரே பின்னர்ச் சாமுவேல் சத்தியநாதனை மணந்து, கணவர் உதகையில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தபோது உடன் வந்து, நம் மலையில் முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பள்ளியை நடத்திய கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார். பிற்காலத்தில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கமலா என்னும் நவீனம் ஓர் இந்துக் குழந்தை மணப்பெண்ணின் வாழ்க்கையைப் பற்றியது. அவருடைய ஒரே குழந்தையும் சிசுப்பருவத்திலேயே இறந்தது. 1894-ல் அவரும் இளமையிலேயே காலமானார். உதகைத் தெருக்களில் நடக்கும் நம்மவரிற் பலர் இவ்வரலாற்றை அறியார். ஆனந்தியின் கதை எங்கோ மராட்டியத்தில் நிகழ்ந்தது என்று கருதுவோருக்கு, அதே தலைமுறையைச் சேர்ந்த அதே துயரம் நம் மலைச்சாரலிலும் குடியிருந்தது என்று காட்டவே இதனைக் குறித்தேன்.

நகைகளை விற்றும் நல்லோர் சிலரின் உதவி பெற்றும் வழிச்செலவு சேர்ந்தது. 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கல்கத்தாவில் கப்பலேறிய ஆனந்தி, ஜூன் மாதத்தில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். கார்ப்பென்டர் அம்மாள் வந்து எதிர்கொண்டார். பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியா மாதர் வைத்தியக் கல்லூரி அவருக்கு இடமளித்தது. அக்கல்லூரியின் தலைவர் ராக்கேல் பாட்லி அம்மையார், ஆனந்தியின் விண்ணப்பக் கடிதத்தைக் கண்ட அளவிலேயே அவரைச் சேர்த்துக்கொள்ள இசைந்து, பொருளுதவிக்கும் வழி செய்தார். விண்ணப்பித்த பெண் மணமானவள் என்பதோ, ஒரு பிரசவம் கண்டவள் என்பதோ, முறையாகப் பள்ளியிறுதி வரை படியாதவள் என்பதோ அவருக்குத் தடையாகத் தோன்றவில்லை.

மூன்றாண்டுகள் அங்கே கழிந்தன. குளிர் நாட்டில் சேலையையும் மரக்கறி உணவையும் விடாது, சரியாகப் புகை வெளியேறாத கணப்படுப்புடைய அறையில் தங்கி, தாமே சமைத்து உண்டு ஆனந்தி படித்தார். உடல்நலம் வரவரக் கெட்டது. 1885-ல் எடுத்த புகைப்படமொன்றில் அவரோடு ஜப்பானியராகிய கேய் ஒகாமியும், சிரியா நாட்டவராகிய சபாத் இஸ்லாம்பூலியும் தத்தம் நாட்டு உடையில் அமர்ந்துள்ளனர். மூவரும் அக்கல்லூரியிலேயே வைத்தியப் பட்டம் பெற்றனர். 1886-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் தேதி ஆனந்திக்கு டாக்டர் பட்டம் வழங்கப்பட்டது. பண்டித ரமாபாய் அம்மையார் அவ்விழாவைக் காண இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். விக்டோரியா மகாராணியாரும் வாழ்த்து அனுப்பினார். பட்டத்திற்காக ஆனந்தி எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள் பண்டை இந்துக்களின் பிரசவ வைத்தியம். பத்து நாட்கள் வாழ்ந்து மறைந்த அக்குழந்தையை அவர் மறந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கோலாப்பூர் சமஸ்தானம் தன் ஆல்பர்ட் எட்வர்டு ஆஸ்பத்திரியில் மாதர் பகுதிக்குத் தலைமை வைத்தியராக அவரை நியமித்தது. 1886-ன் இறுதியில் அவர் தாயகம் திரும்பினார். சாதிவிலக்கு என்று முன்னர் முழங்கியவர்களின் குரல் அடங்கி, வரவேற்பே மிகுந்திருந்தது. ஆயின் காசநோய் அவரை முற்றும் பற்றிக்கொண்டுவிட்டது. கோலாப்பூரிற் சென்று ஒரு நோயாளியையும் தொட்டுப் பார்க்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. 1887-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி பூனாவில் அவர் உயிர் நீத்தார். இருபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தது. அவருடைய அஸ்தி கார்ப்பென்டர் அம்மாளுக்கு அனுப்பப்பட்டு, நியூயார்க் மாகாணத்துப் போகீப்சி என்னும் ஊரின் இடுகாட்டில், அவ்வம்மாளின் குடும்ப நிலத்திலேயே வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கரோலின் டால் என்னும் அமெரிக்க மாது அவர் சரிதத்தை நூலாக வெளியிட்டார்.

இனி, முன்னர்க் குறித்துக்கொள்ளச் சொன்ன இடத்திற்கு வருவோம். ஆனந்தி படித்தது அவர் கணவர் பிடிவாதக்காரராக வாய்த்ததனால். அக்கணவர் அலிபாக்கிலோ கோலாப்பூரிலோ மனம் மாறியிருந்தால் அப்படிப்பு அன்றே நின்றிருக்கும். அவரை எதிர்த்துக் கேட்கவும் வழி இருந்திராது. ஒருவருடைய இயல்பை நம்பி இருக்கும் கல்வி தயவாகுமேயன்றி உரிமையாகாது. ஆனந்தியோடு அதே ஆண்டில் அதே வயதில் மணமான பெண்கள் எத்தனை ஆயிரவர்! அவர்களுள் எத்தனை பேர் குழந்தையைப் பறிகொடுத்து, அதே கேள்வியை மனத்துள் எழுப்பி, விடை தேட வழியின்றி அடுப்படியிலே அவிந்தனர்! அவர்களுக்குக் கோபாலராவும் வாய்க்கவில்லை. பல் வைத்தியரின் வீட்டில் பத்திரிகை படித்த மாதும் வாய்க்கவில்லை.

அந்நாளைய சட்டமும் துணை செய்யவில்லை. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் மனைவியின் இசைவு வயது பத்து. கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி கணவனால் உயிரிழந்த கொடுமைக்குப் பின்னர், பெருங் கிளர்ச்சியின் நடுவே 1891-ல் அது பன்னிரண்டாக உயர்ந்தது. 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கிற்று. அதன்பொருட்டுச் சென்னையில் ஓயாது உழைத்தவர்களுள், புதுக்கோட்டையிற் பிறந்து 1912-ல் சென்னை வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முதன்மையானவர். 1978 முதல் மணவயது பதினெட்டு. இன்று பதினெட்டுக்கு முன் பெண்ணை மணம் செய்விப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இது முற்றும் சரியே. இதில் எள்ளளவும் தளர்ச்சி கூடாது. நம் குடும்பங்களில் எவரேனும் பருவம் வந்த பெண்ணை வைத்துக்கொண்டிருக்க அஞ்சி, பள்ளிப் படிப்பின் நடுவிலே மணம் பேசுவாராயின், அதனைத் தடுப்பது நம் கடமை.

ஆயின் தடுக்கத் தவறிய பின்னர் நாம் செய்வது என்ன? 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் பதினைந்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர் தாயராகவோ கருவுற்றவராகவோ இருந்தனர். இவர்கள் வேறு ஏதோ உலகத்தவர் அல்லர். மணம் செய்வித்தவர் பெரியோர், ஏமாற்றியவர் ஆடவர், சில வேளைகளில் நிகழ்ந்தது சட்டம் கடுந்தண்டனை விதிக்கும் பெருங்கொடுமை. இவர்களுள் எவரும் பள்ளியை இழப்பதில்லை. புத்தகப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டுபவள் அப்பெண் ஒருத்தியே. குற்றம் ஒருவரது, தண்டனை மற்றொருவருக்கு என்பது எந்த நீதி நூலிலும் இல்லாத நீதி.

மற்றைய பெண்களும் கெட்டுப்போவர் என்பது பொதுவாகக் கேட்கும் மறுப்பு. கைக்குழந்தையை இடுப்பிற் சுமந்து, இரவெல்லாம் விழித்து, மறுநாட் காலை கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் தோழியைக் கண்டு எந்தப் பெண்ணும் அந்நிலையை விரும்பாள். அஞ்சி ஒதுங்கவே செய்வாள். உண்மையிற் பரவும் கேடு வேறு. ஒரு முறை இடறியவளுக்கு வாயில் என்றும் அடைபட்டது என்று கண்ட பெண்கள், தமக்கு இடர் நேர்ந்தால் தாயிடமும் சொல்லாது மறைப்பர். மறைத்தலினால் விளையும் உயிரிழப்புகளை ஆஸ்பத்திரியிற் பணிபுரியும் நம் சகோதரிகள் அறிவர்.

பிற தேசங்களும் இவ்வழியே தட்டுத் தடுமாறி வந்தவைதாம். அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை ஒட்டி 1975-ல் எழுந்த விதிகளும், கருவுற்றமையைக் காரணமாக்கி மாணவியை விலக்குவதைத் தடை செய்தன. ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாடு 2015-ல் கருவுற்ற மாணவியர் பள்ளி வருதலை விலக்கி வைத்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அவ்விலக்கு முறையற்றது எனத் தீர்ப்பளிக்க, 2020 மார்ச்சில் அந்நாடு அதனை நீக்கிற்று. தான்சானியாவும் 2021 நவம்பரில் தன் விலக்கை எடுத்து, பிள்ளை பெற்ற பெண்கள் பள்ளிக்குத் திரும்ப வழி விட்டது. நம் நாட்டில் அத்தகைய விலக்கை அரசு சட்டமாக எழுதி வைக்கவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ எட்டாம் வகுப்பு முடியும் வரை எப்பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கலாகாது என்கின்றது. பல்கலைக்கழக மானியக் குழுவும் மாணவியருக்குப் பிரசவ கால விடுப்பும் வருகைப்பதிவுச் சலுகையும் அளிக்குமாறு 2021-ல் கல்வி நிலையங்களைக் கேட்டுக்கொண்டது. விலக்கு எழுதப்படாத நாட்டில் அதனை எழுதாமலே நடத்துவோர் நாம்தாம்: உறவினர் வாய்ச்சொல், மாமியார் வீட்டின் முகச்சுளிப்பு, இனி எதற்கு என்ற ஒரு வினா.

நம் மலைத்தோட்டங்களையே எடுத்துக்கொள்வோம். ஐம்பது பெண்களுக்குக் குறையாது வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் அமைத்தல் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்டது. ஆயாவிடம் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் கொழுந்து பறிக்கச் செல்வாள். வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ளுதல் இயலும் என்பதை இம்மலை பல்லாண்டுகளாக நடத்திக் காட்டியிருக்கின்றது. கூடையைச் சுமக்கச் செல்லும் தாய்க்குக் கிட்டிய அவ்வசதி, புத்தகத்தைச் சுமக்கச் செல்லும் தாய்க்கு மட்டும் ஏன் வியப்பாகத் தோன்ற வேண்டும்?

இறுதியாக நம் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் ஆண்டுதோறும் அளித்துவரும் கல்வி உதவிக்கான விண்ணப்பத் தாளில், மாணவி மணமாகாதவராக இருத்தல் வேண்டும் என்றொரு நிபந்தனை நெடுநாளாக இருந்துவருகின்றது. இளமை மணத்தைத் தடுக்கும் நல்லெண்ணத்தோடுதான் பெரியோர் இதனை அமைத்திருத்தல் வேண்டும். ஆயினும் மணத்தைப் பேசி முடிக்கும் தந்தையை இவ்வரி தடுத்ததாகத் தெரியவில்லை. படிக்க விரும்பும் மகளையே அது தடுக்கின்றது. பென்சில்வேனியாக் கல்லூரி இத்தகைய வரியொன்றை வைத்திருந்தால் ஆனந்திபாய்க்கு இடம் கிட்டியிராது. ஆதலின் அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இந்நிபந்தனையை நீக்குமாறும், பிரசவத்தினால் படிப்பு இடைப்பட்ட மாணவியருக்கு வயது வரம்பில் மூன்றாண்டு தளர்த்துமாறும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதும் தாயருக்குத் தேர்வுக் கட்டணத்தைச் சங்கமே செலுத்துமாறும் லவ்டேல் பகுதி அன்பர்கள் சார்பில் தீர்மானம் கொணர இருக்கின்றோம். ஆதரிக்கும் அங்கத்தினர்கள் தம் பெயரைக் காரியதரிசிக்கு எழுதி அனுப்பலாம். தேர்வு நடக்கும் நாட்களில் கைக்குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்வதற்கு எங்கள் பகுதிப் பாட்டிமார் மூவர் இப்போதே இசைந்துள்ளனர். பால் காய்ச்ச ஓர் அடுப்பும் தொட்டில் கட்ட இரண்டு பழஞ்சேலைகளும் வேண்டுமென்று அவர்கள் கேட்டிருக்கின்றனர்.